பீங்கான் சிங்கங்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

அன்புள்ள மகள் செலினுக்கு,

சிங்கங்கள் இரண்டும் சுகம். உன் கடிதத்தில் முதலில் அவற்றைத்தான் விசாரித்திருந்தாய், அதற்குப் பிறகுதான் என் மூட்டுவலியை. நானும் அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். மூட்டுவலியும் சுகமாகத்தான் இருக்கிறது, என்னை விட்டுப் போகிற எண்ணம் அதற்கு இல்லை. உன் அத்தை நேற்றும் என்னோடு சண்டை போட்டாள், ஆகவே அவளும் சுகம்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மணப்பாட்டு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போகவா, இல்லை மதுரை ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் வேலையைப் பார்த்துக்கொண்டு லீவுக்கு லீவு வீட்டுக்கு வந்து உங்களோடு இருக்கவா என்று கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு, எனக்கு இரண்டும் சம்மதம், நீங்கள் கோயிலில் கல்யாண ஓலை கொடுத்தால் வருகிறேன், கொடுக்காவிட்டால் இருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். போதாததற்கு, போவதானால் சிங்கத்தில் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன், மற்றது உங்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு பாகப்பிரிவினையும் செய்துவிட்டாய். ஏளா, இரண்டும் சம்மதம் என்று ஒருத்தி எழுதினால் ஒன்றுதான் சம்மதம் என்று அர்த்தம். அது எது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச்சில் உட்கார்ந்து உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, கீழே நின்ற மேஸ்திரியிடம் வசவு வாங்கியதுதான் மிச்சம்.

அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏலே, இதுல என்னலே குழப்பம்? பொண்ணப் பெத்தவன் அனுப்பத்தான செய்யணும். நீ என்ன, ஊறுகா போட்டு வைக்கப் போறியா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பம்பாயி ரொம்பத் தூரம்லா" என்று அவளே சொல்லி மூக்கைச் சிந்தினாள். இவளிடம் யோசனை கேட்கப் போன என் புத்தியை என்ன சொல்ல.

அந்தச் சிங்கங்களைப் பங்கு போடுவதற்கு முன்னால், அவை வீட்டுக்கு வந்த கதையை முழுசாகக் கேட்டுக்கொள். பாதிதான் உனக்குத் தெரியும். நீ அம்மா வயிற்றில் இருந்த காலம். நான் அப்போது தோணியை நடத்துகிற தண்டல். வெங்காயமும் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவோம். அங்கே சைக்கிளில் பட்டுத்துணி மூட்டை கட்டி விற்கிற சீனர் ஒருவர் எனக்குப் பழக்கம். உன் அம்மாவுக்கு அவரிடம்தான் ரவிக்கைத் துணி வாங்குவேன். அந்த முறை போனபோது அவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். சொந்த ஊருக்கே போகிறாராம். சாமான்களுக்கு நடுவில் முழங்கால் உயரத்தில் இந்த இரண்டும் நின்றன. பச்சை உடம்பு, மஞ்சள் பிடரி, பிதுங்கிய கண். ஒன்று வாயைத் திறந்திருந்தது, ஒன்று மூடியிருந்தது. எடுத்துக்கொள் என்றார். பிறகு கதவைக் காட்டினார், இடது கையைக் காட்டினார், வலது கையைக் காட்டினார், ஒரு சிங்கத்தின் காலடியில் இருந்த பந்தைத் தட்டினார், மற்றதன் காலடியில் மல்லாந்து கிடந்த குட்டியைத் தட்டினார், கடைசியில் தன் நெஞ்சைத் தட்டினார். அவருடைய பாஷையில் நிறையச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உனக்குத் தெரியும், புரியாத இடத்தில்தான் நான் பிரமாதமாகத் தலையாட்டுவேன். அன்றைக்கு ஒரு வார்த்தை நிறுத்திக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் பாதியாகக் குறைந்திருக்கும்.

கொண்டுவந்து வாசலுக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். முகத்தை வீட்டுக்குள் பார்க்க வைத்தேன். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பொருள் உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்த்தால் வந்த வழியே போய்விடும் என்று புதுச் சுளகைக்கூட அத்தை சுவரைப் பார்க்கச் சாய்த்து வைப்பாள், பார்த்திருப்பாய். உன் அம்மா மட்டும் சிரித்தாள். "நம்ம வீட்டுக்கு வந்துட்டு நம்மளையே முறைச்சிப் பாக்கி, பாருங்க" என்றாள். பந்து வைத்திருக்கிற சிங்கத்தின் தலையில் ஈரத்துண்டைக் காயப்போடுவாள். குட்டி வைத்திருப்பதன் தலையில் போட மாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அவள் காய்ச்சலில் போனபோது உனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசுகூட இல்லை. அதைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன், எழுதினால் இந்தக் கடிதம் இங்கேயே நின்றுவிடும். துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு அத்தை வாசலில் நின்று, "ஏலே, அந்தக் காலப் பாரு. பிள்ளைய மிதிச்சிக்கிட்டு நிக்கி. இது வீட்டுக்கு ஆகுமால? கொண்டு போய்க் கடல்ல போடு" என்றாள். அதுவரைக்கும் அந்தக் காலை நான் உற்றுப் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து பார்த்தேன். மிதிக்கிறதா, பிடித்திருக்கிறதா, விளையாடுகிறதா? குட்டியின் முகத்தைப் பார்த்தாலாவது தெரியும் என்றால், சூளையில் வேகும்போது பச்சைப் பூச்சு வழிந்து சரியாக அந்த இடத்தில் கட்டியாகிவிட்டது. சிரிக்கிறதா, அழுகிறதா என்று சொல்ல முடியாது. நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் அந்த முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாய். அதனால்தான் கடலில் போடவில்லை, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

மனசு கேட்காமல் பங்குச் சாமியாரிடம் போய், சிங்கம் நல்லதா கெட்டதா என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சிங்கம் ஆண்டவருக்கும் அடையாளம், சாத்தானுக்கும் அடையாளம் என்றார். அப்படியானால் என் வீட்டில் இருப்பது யார் சாமி என்றேன். அதை வீட்டுக்காரன்தான் கவனிக்க வேண்டும் என்றார். போனபோது இருந்த குழப்பத்துக்கு மேல் இன்னொன்றைச் சுமந்துகொண்டு திரும்பினேன்.

நான் தோணியை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் வின்ச் வேலைக்குச் சேர்ந்தது அந்த வருஷம்தான். உன்னை அத்தையிடம் விட்டுவிட்டுக் கடலுக்குப் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருமுறை போகவும் செய்தேன். கொழும்பில் இறங்கியதும், நீ சாப்பிட்டாயோ என்னவோ என்ற யோசனையில் சரக்கைத் தப்பான கிட்டங்கியில் இறக்கிவிட்டேன். இந்த ஆளுக்கு இனிக் கரைதான் சரி என்று அன்றைக்கே தெரிந்துபோனது. கடலை விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை என்று உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். வருத்தம் உண்டு. நீ வாசலில் நின்று எதிர்பார்த்ததில் சந்தோஷமும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன, இதில் எதைப் பொய் என்று சொல்ல?

ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது (நான் பின்னினால் சடை வடக்கயிறு மாதிரி இருக்கும், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள்) நீ கேட்டாய்: "இதுல நீங்க எதுப்பா?" ஒன்றிடம் பந்து, ஒன்றிடம் குட்டி. ஆம்பிளை எது, பொம்பிளை எது என்றே நமக்குத் தெரியாது, இரண்டுக்கும் பிடரி இருந்தது. நான் ரிப்பனைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. உன் கடிதம் வந்த மறுவாரம் புதுத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. அதன் சமையல்காரர் சீனர். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்து, "அண்ணே, இங்கே நல்ல மிளகாய் எங்கே வாங்கலாம்?" என்று தமிழில் கேட்டார். கையில் பிடித்திருந்த லிவரை விட்டுவிடப் பார்த்தேன். பினாங்கில் பிறந்தவராம், பக்கத்து வீடுகளெல்லாம் தமிழர்களாம். விடுவேனா, வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அத்தை சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். அவர் குழம்புக்கு வரவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, இது ஏன் உள்ளே பாக்குது?"

வந்த பொருள் உள்ளேதானே பார்க்க வேண்டும் என்று நம் கணக்கைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "இது காவல் அண்ணே. வெளியே பாக்கணும். கெட்டது வந்தா விரட்டணும். உள்ளே பாத்தா என்ன அர்த்தம்? நீங்கதான் கள்ளன்." சிரித்துக்கொண்டே இரண்டையும் தூக்கித் திருப்பினார். பந்து வைத்திருப்பது ஆண், அது வீட்டுக்கு வெளியே உள்ளதைப் பார்த்துக்கொள்ளும். குட்டி வைத்திருப்பது பெண், அது வீட்டுக்குள் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும். உள்ளே இருந்து பார்த்தால் ஆண் இடது கைப்பக்கம். வெளியே இருந்து வருகிறவனுக்கு அது வலது பக்கம். இதற்குள்ளேயே எனக்குத் தலை சுற்றிவிட்டது. பந்து என்பது உலகம் என்றார், பட்டு நூல் உருண்டை என்றும் சொல்வார்கள் என்றார். திறந்த வாய் கெட்டதை விரட்ட, மூடிய வாய் நல்லது வெளியே போய்விடாமல் வைத்துக்கொள்ள என்று அவருடைய அம்மா சொல்வாராம். மூச்சை விடுகிறது, இழுக்கிறது என்பது அவருடைய மாமா கட்சி. எது சரி என்று கேட்டேன். "எங்க ஊர்லயும் நாலு பேர் நாலு சொல்வாங்க அண்ணே" என்றார். ரொம்பப் பழசு என்று தட்டிப் பார்த்தார். கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டு, புதுசாகவும் இருக்கலாம், பழசு மாதிரிச் செய்ய எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும் என்றார்.

சாப்பிட உட்கார்ந்த பிறகு அந்தக் காலைப் பற்றிக் கேட்டேன். மிதிக்கிறதா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, இல்லை. பால் குடுக்குது. சிங்கத்துக்குக் கால்ல பால் வரும். குட்டி மல்லாந்து படுத்துக் குடிக்குது."

அத்தை அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "கால்ல பாலா? இவன் போய்க் கண்டானாக்கும்" என்று என்னிடம் முணுமுணுத்தாள். அவருக்கு அது காதில் விழுந்துவிட்டது. "நான் பாக்கல அக்கா. எங்க அம்மாவும் பாக்கல. சொல்லுவாங்க" என்றார்.

"குட்டி வளந்த பெறவு காலை எடுத்துருமா?" என்று நான் கேட்டேன். அவர் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு யோசித்தார். "இது பீங்கான் அண்ணே. இந்தக் குட்டி வளராது" என்றார். ஒன்றை மட்டும் தனியாகக் கொடுக்கலாமா என்றும் கேட்டேன், உனக்காகத்தான். கொடுக்கலாம், ஆனால் தனியாக இருந்தால் அது காவல் இல்லை, பொம்மை என்றார்.

அவர் போன மறுநாளிலிருந்து நான் இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தேன். இத்தனை வருஷமாக முறைத்துக்கொண்டிருந்தவை, உன்னைத் தவிர இந்த வீட்டில் என் முகத்தைப் பார்த்தவை அவைதான். திடீரென்று இரண்டும் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால் எப்படி இருக்கும்? வேலைக்குப் போய்விட்டு வந்தால் உள்ளே பார்த்து நிற்கும், அத்தையின் கைவேலை. "பழகுன மொகத்த ஏம்ல திருப்புத?" என்பாள். நான் வெளியே திருப்புவேன். அவள் உள்ளே திருப்புவாள். ஒருநாள் வீண் சண்டை வேண்டாம் என்று ஒன்றையொன்று பார்க்க வைத்தேன். அது இன்னும் மோசம், நடுவில் நடந்து போனால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போன மாதிரி இருக்கிறது.

இப்போது நீயே சொல், உனக்கு எதைக் கொடுப்பது? குட்டி இருப்பதைக் கொடுத்தால் என்னிடம் ஒரு பந்துதான் மிஞ்சும். பந்தை உனக்குக் கொடுத்தால் குட்டியை நானே அமுக்கி வைத்துக்கொண்ட மாதிரி ஆகும். பிறவியில் நான் பந்துக்காரன்தான், கொழும்பும் கடலும்தான் என் பந்து. உன் அம்மா போனதும் பந்தை விட்டுவிட்டு உன்மேல் காலை வைத்தேன். அது பால் கொடுத்த காலா, அமுக்கிய காலா என்பது எனக்குத் தெரியவில்லை, செலின். என் காலில் பால் வந்ததாக ஞாபகம் இல்லை. உனக்கு வந்த வரன்களை நான் தட்டிக்கழித்ததை நீ வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாய். ஒருவன் சிரித்தால் கோழி ஓடுகிறது என்றேன். இன்னொருவனுக்குக் கையெழுத்து எறும்பு மாதிரி, மனசும் அப்படித்தான் இருக்கும் என்றேன். நீயும் என்னோடு சேர்ந்து சிரித்தாய். சிரித்துவிட்டு மதுரை பஸ் ஏறிவிடுவாய்.

இந்த மணப்பாட்டுக்காரன் வந்தபோது குறை கண்டுபிடிக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். பம்பாயில் கப்பல் ரிப்பேர் செய்கிறவனாயிற்றே, கை சும்மா இருக்குமா, பேசிக்கொண்டே நம் கொல்லைப்புறக் குழாய் ஒழுகுவதை நிறுத்திவிட்டான். எனக்கு எரிச்சலான எரிச்சல். நீ லீவில் வந்திருந்தாய், காப்பி கொடுத்துவிட்டு அவனிடம் ஏதோ சொன்னாய். சொல்லும்போது தலையை இடது பக்கம் சாய்த்தாய். என்னோடு பேசும்போது உன் தலை நேராகத்தான் இருக்கும், நான் எவ்வளவோ வருஷம் பார்த்திருக்கிறேன். உன் அம்மா என்னோடு பேசும்போது மட்டும் அப்படிச் சாய்ப்பாள், மற்ற யாரோடும் இல்லை. இரண்டும் சம்மதம் என்று நீ எழுதியதில் எது நிஜமான சம்மதம் என்று இந்த ஒன்றை வைத்துத்தான் ஊகித்தேன். தப்பாகவும் இருக்கலாம். கப்பலின் சங்கைக் கேட்டு எந்தக் கப்பல் என்று சொல்லிவிடுவேன், வீட்டு மனுஷர் விஷயத்தில் எனக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் போதாது.

நீ போக வேண்டாம் என்றுதான் எனக்கு இருக்கிறது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மாட்டேன். நீ எனக்காக இருந்துவிட்டால் அதையும் என்னால் தாங்க முடியாது. உன் தலை நரைப்பதைப் பார்த்துக்கொண்டு இந்த வாசலில் என்னால் காப்பி குடிக்க முடியாது. இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்காதே.

சிங்கங்களைப் பங்கு போடவில்லை. தேயிலைப் பெட்டி ஒன்றை வாங்கி, வைக்கோல் திணித்து, இரண்டையும் கட்டிவிட்டேன். "காலியான எடத்துல என்னத்த வைக்கப் போற?" என்று அத்தை கேட்டாள். செருப்பை விடலாம் என்றேன். அவள் இன்னும் கொஞ்சம் வைக்கோல் எடுத்துவந்து குட்டியின் முகத்தைச் சுற்றி அவளே திணித்தாள். பம்பாயில் எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று என்னைக் கேட்காதே, அவனைக் கேள், இல்லாவிட்டால் யாராவது சீனரைக் கேள். புரியாவிட்டால் தலையாட்டாதே, நிறுத்திக் கேள். அப்பன் என்ற முறையில் ஒரு புத்திமதியாவது சொல்ல வேண்டும் அல்லவா, இதுதான்.

சொல்லாமல் வைத்திருந்த ஒன்று பாக்கி இருக்கிறது. போன வாரம் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போய் ஓலை கொடுத்துவிட்டேன். இன்றைக்குப் பூசையில் முதல் ஓலை வாசித்தார். உன் பேர், என் பேர், மறைந்த உன் அம்மா பேர், பிறகு அவன் பேர், அவன் வீட்டார் பேர். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வழக்கம்போல முடித்தார். எத்தனையோ பேருக்கு வாசித்துக் கேட்டிருக்கிறேன், அந்த வரியை இன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். கோயில் நிறையக் கூட்டம். இருக்கிற தடை எது என்று தெரிந்தவர்கள் அதில் இரண்டே பேர். உன் அத்தை பெண்கள் பக்கத்திலிருந்து முக்காட்டை விலக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆண்கள் பக்கத்தில் தூணோரமாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வாசிப்பார்கள். அப்போதும் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா